நாச்சிமுத்துவின் கறுப்புத் திரை

பழுதான சரக்கை வாடிக்கையாளர் கண்ணில் காட்டக் கூடாது என்பது இப்ராம்சா வீட்டில் பால்சோற்றோடு ஊட்டப்பட்ட பாடம். வேட்டியில் கறை இருந்தால் கறை உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். சாயம் போகிற சேலையாக இருந்தால், "வெளுக்க வெளுக்கத்தான் இதுக்கு அழகே வரும்" என்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். புளியஞ்சந்தை கடைவீதியில் அவர்கள் குடும்பத்து ஜவுளிக்கடை இப்படித்தான் நின்று நிலைத்தது. இப்ராம்சா ஜவுளியை அக்காவிடம் விட்டுவிட்டு, கடையின் பின்பாதியில் பலகை அடித்துக் கணினி வேலைக்கு உட்கார்ந்தபோது, அந்தப் பாடமும் பலகை இடுக்கு வழியாக உள்ளே வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

செத்துப்போன கணினிகளை எழுப்புவது அவன் தொழில். பழைய பெட்டியின் நினைவு வட்டை மட்டும் உருவி எடுத்து, புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியை வேஷம் கட்டி நிறுத்தி, 'இதுதான் உன் பழைய உடம்பு, எழுந்திரு' என்று வட்டை நம்பவைக்க வேண்டும். எமுலேட்டர் என்பார்கள். ஜொகரா அக்கா அதை, "பொய் சொல்லி எழுப்பறது" என்பாள்.

பூங்கோதை அந்தப் பெட்டியை இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங் பாய், இதை எழுப்பித் தர முடியுங்களா? எங்கப்பாவோட தரகுப்பெட்டிங்க. நாச்சிமுத்து. பேர் கேட்டிருப்பீங்க."

கேட்டிருந்தான். புளியஞ்சந்தையில் அந்தப் பேரைக் கேட்காதவர்கள் இல்லை. கேட்டுவிட்டுக் காறித் துப்பாதவர்கள்தான் குறைவு.

மாட்டுச்சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தோள்துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போடுவார். அதற்குள் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். விலை மட்டுமல்ல, 'மாடு நொண்டுது', 'இதுக்கு மேல இழுக்காத', 'வீட்டுல கஷ்டம்' எல்லாமே விரல்தான். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜவுளிக்காரர்கள் எதிர்க்கடைக்குக் கேட்கும்படி கத்திப் பேரம் பேசுகிறவர்கள். அதனால் மாட்டுத் தரகர்களைப் பார்த்தால் இப்ராம்சாவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஏதோ களவாணிகள் கைகுலுக்குகிற மாதிரி.

நல்ல தரகர்கள் கிழடாகத் தொடங்கிய காலத்தில் வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. தரகர் கையில் மெல்லிய உறை ஒன்றை மாட்டிவிட்டது. வருஷக்கணக்கில் அவர் பிடித்த விரல், போட்ட கணக்கு, நினைவில் வைத்த ஆள், எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் இறக்கிக் கொடுத்தது. தரகர் படுக்கையில் விழுந்தாலும் பெட்டி சந்தைக்குப் போகும். ஒரு கூண்டுக்குள் அதை வைத்து, முன்னால் துணி தொங்கவிட்டிருப்பார்கள். விற்க வந்தவன் துணிக்குள் கை நீட்ட வேண்டும். துணிக்குப் பின்னால் பெட்டி அதைப் பிடித்துப் பேசும்; எதால் பிடிக்கும் என்பது துணிக்கு வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.

"நாச்சிமுத்தய்யா பெட்டி வித்த மாட்டுலதான கோமாரி வந்துது?" என்றான் இப்ராம்சா. வியாபாரி எப்போதும் சரக்கின் குறையிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பான்.

"ஆமாங்க. ஒரு செவலை மாடு. சந்தை கலையற நேரத்துல, பாக்க ஆளில்லாதப்ப கடைசியா வந்துது. தலைவர் அர்த்தநாரி மாமா வாங்குனாரு. அப்பறம் நோவு பரவி ஊருல ஒரு தொழுவத்துலயும் சாணி வாசம் இல்லாமப் போச்சு." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "யாரு மாடுன்னு கேட்டாங்க. கூண்டுல முகம் தெரியாதில்லீங்க? பெட்டி சொல்லல. அப்பாவும் சொல்லல. தெரிஞ்சே வித்துட்டான்னு சொல்லிப் பெட்டியப் புடுங்கிப் போட்டாங்க. அப்பா அந்தப் பேரோடயே போயிட்டாருங்க."

"இப்ப எதுக்கு எழுப்பணும் அம்மிணி?"

"நானும் தரகுக்குத்தான் வர்றனுங்க. துண்டை விரிச்சுட்டு நிக்கறேன். உள்ள கை நீட்ட ஒரு ஆளில்லீங்க. நோய்மாட்டுக்காரன் புள்ளையாம். எனக்கு வேற தொழில் தெரியாதுங்க பாய். அப்பாவுக்கு அது நோய்மாடுன்னு தெரியாது. அந்த ஒரு வார்த்தைய அவரே சொல்லிட்டாப் போதும். அடுத்த சந்தையன்னிக்குச் சங்கத்துல எல்லார் முன்னாலயும் கேக்கலாம்னு தலைவர் மாமா ஒத்துக்கிட்டாரு."

"அவருக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பூங்கோதை புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "தெரியுங்க."

வாடிக்கையாளரின் முகத்தைவிடக் கையைப் பார்ப்பது ஜவுளிக்காரன் பழக்கம். முகம் பொய் சொல்லும், கை எந்தச் சேலையைத் திரும்பத் திரும்பத் தடவுகிறதோ அதுதான் விற்கும். அவள் வலதுகைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற இயந்திரம் செய்த வேலையாக இருக்கும் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

"எதாச்சும் சந்தேகம்னா ஒரு போன் போடுங்க. அந்தப் பெட்டியோட குணம் எனக்கு நல்லாத் தெரியும்."

"போன் போடற வேலையே வராதுங்க அம்மிணி. உங்கப்பாவ எந்திரிச்சு உக்கார வெச்சுக் கதை பேச வெக்கறேன், பாருங்க."

முதலில் பெட்டி எழுந்திருக்கவே இல்லை. 'வட்டைக் காணோம், வட்டைக் காணோம்' என்று திரும்பத் திரும்ப அடம்பிடித்தது. எதிலிருந்து எழ வேண்டும் என்கிற வரிசையை மாற்றினான். பிறகு வட்டு அகப்பட்டது, ஆனால் பாதியில் மயங்கி விழுந்தது. புதுக் கணினி ஓடுகிற வேகம் அந்தப் பழைய மூளைக்குத் தாங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, கிழவரை மாடிப்படி ஏற்றுகிற மாதிரி மெல்ல ஏற்றினான். 'பீப்' என்று ஒரு சத்தம். எழுந்துவிட்டது.

திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

இப்ராம்சா சளைக்கவில்லை. எமுலேட்டரில் பழைய காலத்துக் காட்சி அட்டைகள் எத்தனை உண்டோ அத்தனையும், சேலை எடுத்துப் போடுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துப் போட்டான். அளவை மாற்றினான். நிறத்தைக் குறைத்தான். எழுத்து மட்டும் போதும் என்று கெஞ்சினான். பெட்டி எதையும் வாங்குவதாக இல்லை. கறுப்பு என்றால் ஒரு புள்ளிகூட மின்னாத கறுப்பு.

ஜொகரா அக்கா பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னடா, செத்துப் போச்சா?"

"இல்லக்கா. உள்ள வேலை மும்முரமா நடக்குது. இங்க பாரு, மூளை சூடா ஓடுது. திரைல மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குது."

"அப்ப போத்திக்கிட்டு உக்காந்திருக்குதுன்னு சொல்லு." அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். "அந்தக் கறுப்புக்கு வெளிய, ஓரத்துல என்னமோ துடிக்குதே?"

"அதுவா? கம்பி மாட்டற ஏதோ ஒரு துளை வழியா 'யாரு, யாரு'ன்னு கேட்டுட்டே இருக்கு. அங்க முன்னால எதோ சாமான் மாட்டியிருந்திருப்பாங்க. பிரிண்டரா இருக்கும். பதில் வந்தாத்தான் மேல நகருவேங்குது."

"பெட்டிக்கு அடில ஒரு ரப்பர் கை மாதிரி கெடந்துதே?"

"அது பாத்திரம் வெளக்கற உறை மாதிரி இருந்துது. ஓரமாப் போட்டுட்டேன்."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளேண்டா."

"கறுப்புத் திரையக் காட்டிட்டுக் கைநீட்டிக் காசு வாங்கச் சொல்றியா?"

அக்கா தலையை இழுத்துக்கொண்டாள். அவளும் அதே வீட்டுப் பால்சோறு தின்றவள்தான்.

மத்தியானம் பூங்கோதையே கூப்பிட்டாள். "எப்படிங்க இருக்குது பாய்? நான் வந்து ஒருக்காப் பாக்கட்டுங்களா?"

"ஜம்முனு வந்துட்டாருங்க. கொஞ்சம் மெருகு போட்டுட்டு இருக்கேன். நேரா சங்கத்துலயே பாருங்க." கறுப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சொன்ன பொய்யை உண்மையாக்கியாக வேண்டும். வட்டைத் துழாவினான். 'யாரு' என்ற கேள்விக்குக் கடைசியாக வந்த பதில், அழியாமல் ஒரு மூலையில் கிடந்தது. அது பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. ஏதோ ஒரு வடிவம், ஓர் அழுத்தம், ஒரே சீரான ஒரு நடுக்கம். என்ன கழுதையாக இருந்தால் என்ன? அதையே எடுத்து, பெட்டி கேட்கிறபோதெல்லாம் அதே பதில் போகும்படி சுழலவிட்டான். 'யாரு' நின்றது. பெட்டி அமைதியானது. அந்தத் துளை வழியாக வெளியே போகிற கட்டளைகளைப் பிடித்து எழுத்தாக்கித் திரையில் கொட்டவும், தட்டச்சு செய்வதை உள்ளே அனுப்பவும் ஒரு சின்ன நிரல் எழுதினான்.

கறுப்பு கலைந்தது. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல் வந்தது.

சொல்லு.

இப்ராம்சா எழுந்து நின்று கைதட்டினான். பழைய மூளைக்குப் புதுக் கண் வைத்துவிட்ட பெருமை அவனுக்கு. யாரைப் பார்த்து அது 'சொல்லு' என்கிறது என்று அவன் யோசிக்கவில்லை.

சந்தை நாளன்று சங்கக் கட்டடம் நிரம்பிவிட்டது. சங்கம் பெருமைக்காக வாங்கிப் போட்டிருந்த பெரிய திரை சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. அர்த்தநாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, தோளில் ஈரிழைத் துண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் தொழுவத்தைப் பறிகொடுத்தவர்கள். மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்கள்தான் முதலில் வந்து நல்ல இடம் பிடித்திருந்தார்கள்.

"என்ன பாய், நாச்சிமுத்தண்ணன் எந்திரிச்சுட்டாரா? காப்பி கீப்பி குடுக்கோணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது.

"வேண்டாமுங்க, நாக்கை மட்டும் நான் குடுத்துட்டேன்" என்றான் இப்ராம்சா. அதற்கும் சிரித்தார்கள். அவனுக்குக் கூட்டம் பிடித்துவிட்டது. பொத்தானைத் தட்டினான். சுவர் முழுக்க அந்தச் சொல் பெரிதாக எழுந்தது.

சொல்லு.

வாசலில் நின்றிருந்த பூங்கோதை அதைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தாள். "ஏனுங் பாய், இதென்னங்க இப்படி வெளிச்சத்துல... அது திரைல பேசாதுங்களே. எதைக் குடுத்துப் பேச வெச்சீங்க?"

"இருங்க அம்மிணி, இனிமேத்தான பேசப்போறாரு" என்று அவளைக் கையமர்த்திவிட்டு, அர்த்தநாரி பக்கம் திரும்பினான். "கேளுங்க தலைவரே. நான் அடிச்சு அனுப்பறேன்."

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். "அந்தக் கடைசிச் செவலை மாடு. அதுக்கு நோவு இருந்தது தெரியுமான்னு கேளுங்க."

இப்ராம்சா தட்டினான்.  திரையில் பதில் வந்தது.

தெரியும்.

அறை கொந்தளித்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் அடித்தார். யாரோ அசிங்கமாகத் திட்டினார்கள். பூங்கோதை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் எதிர்பார்த்து வந்த பதில் அது இல்லை. திரை நிற்கவில்லை. நாச்சிமுத்துவின் பெட்டி, யாரோ பிடித்திருக்கிற கையோடு தனியாகப் பேசிக்கொண்டிருப்பதாக நம்பி, வரி வரியாகப் பேசியது.

விரல் நடுங்கறப்பவே தெரிஞ்சுது.

சொன்ன வெலைக்கு மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்ட. நல்ல மாட்டுக்கு எவனும் அப்படி ஒத்துக்க மாட்டான்.

முகம் தெரியாட்டி எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இந்தக் கோணச் சுண்டுவிரல நான் எத்தன நாள் புடிச்சு நடந்திருக்கேன்.

கூச்சல் அடங்கியது. ஒருவர் திரும்பினார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். பூங்கோதை வலது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதே போதுமான பதிலாக இருந்தது.

மாப்பள கடன்ல கெடக்கறான்னு எனக்கும் தெரியும். வேண்டாம்னு உன்னயத் திருப்பி அனுப்பியிருக்கோணும். மனசு வரலை. தப்பு என்னோடது.

பயப்படாத கண்ணு. வெளிய ஒரு சொல்லு போவாது. துண்டு இருக்குது.

'துண்டு இருக்குது' என்ற எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு நின்றது.

இப்ராம்சாவின் கை விசைப்பலகைமேல் அப்படியே கிடந்தது. அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. தான் சுழலவிட்ட அந்த நடுக்கம் என்ன என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் கை. அப்பனை ஏமாற்ற நீட்டிய கை. தெரியாமல் ஏமாந்தார் என்று நம்பி, அந்த நம்பிக்கையிலேயே அவர் பேரைக் கழுவ வந்தவளின் கை. அதைப் பிடித்து இழுத்து வந்து ஊர் நடுவில் அவனே நிறுத்தியிருக்கிறான், அதுவும் மெருகு போட்டு.

அர்த்தநாரி எழுந்தார். மெதுவாகத் திரைக்குப் போனார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, எழுத்துமேல் போட்டார். திரை பெரிது, துண்டு சின்னது. அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசைக்காரர் எழுந்து தன் துண்டைப் போட்டார். தொடையில் அடித்துக்கொண்டவர் போட்டார். காப்பி கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து போட்டார். இப்ராம்சாவிடம் போட ஒன்றும் இல்லை. மூன்று தலைமுறை ஜவுளிக்காரன் வீட்டுப் பிள்ளையிடம் அந்த நேரத்துக்கு ஒரு முழத் துணி இல்லை.

"பாய்." அர்த்தநாரியின் குரலில் கோபம்கூட இல்லை. "அது கெட்டுப் போகல. துண்டு போட்டிருந்துது. நீங்க உருவிட்டீங்க."

"தலைவரே, எனக்குத் தெரியாமப் போச்சுங்க..."

"அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்குமில்ல?" அவர் பூங்கோதை பக்கம் பார்க்காமலே சொன்னார். "என்னோட தொழுவத்துல ஒரு உசுரு மிஞ்சல. அதை நான் அவகிட்டக் கேட்டுக்கறேன், அது வேற. துண்டுக்குள்ள பேசினதக் கேட்டுட்டு நாம எல்லாரும் எப்படி வீட்டுக்குப் போறதுன்னுதான் எனக்குத் தெரியல."

மெல்லிய துணி வழியாக எழுத்து இன்னும் தெரிந்தது. சுழன்றுகொண்டே இருந்த அந்தக் கைக்குப் பெட்டி இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னுமா நடுங்குது? விடு கண்ணு. போயி ஒரு வாய் சோறு தின்னு.

இப்ராம்சா மின்கம்பியைப் பிடித்து இழுத்தான்.

அதன் பிறகு அவன் கடைவீதியில் சுவரோரமாகவே நடந்தான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. டீக்கடைக்குப் போனால் பேச்சு மழைக்குத் தாவியது. ஜொகரா அக்கா மட்டும் ஒருமுறை, "நானும் சொல்லிட்டுச் சும்மா இருந்தேன்" என்றாள். வேட்டி மடிக்கும்போது கறையை வெளிப்பக்கம் வைத்து மடித்தாள்.

பலகைக்குப் பின்னால் அவன், போட்ட பொய்யையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். எழுத்தாக்கும் நிரலை அழித்தான். சுழன்ற கையை நிறுத்தி, வட்டில் அது கிடந்த மூலையிலேயே விட்டான். மூலையில் எறிந்திருந்த ரப்பர் கையைத் தேடி எடுத்து, கழுவி, வெடித்த இடங்களில் ஒட்டுப் போட்டு, அந்தத் துளையில் மாட்டினான். திரை பழையபடி கறுத்தது. 'யாரு, யாரு' என்று துடிப்பு தொடங்கியது. இந்த முறை அவன் பதில் சொல்லவில்லை.

பூங்கோதை வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

"பெட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"அம்மிணி..." மன்னிப்பு என்ற சொல்லை அவன் தொழிலில் எங்கும் பயன்படுத்தியதில்லை. வாய் வரைக்கும் வந்து கடன்சரக்கு மாதிரி நின்றது. "இப்ப சரியா இருக்குதுங்க. கறுப்பா இருக்குது."

அவள் கறுப்புத் திரையையும் ரப்பர் விரல்களையும் பார்த்தாள். 

"ஒரு நிமிசம் வெளிய இருக்கீங்களா பாய்?"

அவன் ஜவுளிக்கடைப் பக்கம் போய், தெருவைப் பார்த்து நின்றான். உள்ளே சத்தமில்லை. அப்பனும் மகளும் என்ன பேசினார்கள், யார் யாரை மன்னித்தார்கள், மன்னித்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் எழுதுவதாக இல்லை.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. "உங்க கூலி?"

"ஒண்ணும் வேண்டாமுங்க."

"சும்மா வேலை வாங்கற பழக்கம் எங்க தொழில்ல இல்லீங்க. தலைவர் மாமாவுக்கு நான் செய்ய வேண்டியதே மலையாட்டம் இருக்குது. அதுல உங்க வேலையும் சேர வேண்டாம்."

"நான் என்னன்னுங்க கேப்பேன்? அந்த வேலைக்கு வெலை சொல்ல எனக்கு வாயில்லீங்க."

"வாய் எதுக்குங்க?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்தாள். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரித்துத் தன் வலது கைமேல் போட்டுக்கொண்டு, நீட்டிப் பிடித்து நின்றாள். சந்தையில் எத்தனையோ வாரம் ஆளில்லாமல் நின்றது போலவே நின்றாள். கடைவாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

இப்ராம்சா கையைத் துண்டுக்குள் நீட்டினான்.

கோணச் சுண்டுவிரல் கையில் பட்டது. அது நடுங்கவில்லை. நடுங்கியது அவன் விரல். அவள் ஒரு விலை சொன்னாள், அவன் மறுத்தான், அவள் அழுத்தினாள். அந்தப் பாஷை தெரியாமலே அவனுக்கு எல்லாம் புரிந்தது. எதிர்க்கடைக்குக் கேட்கும்படி கத்தியே வளர்ந்தவன், தன் வெட்கத்தை ஒருவரிடம் சொல்லவும் அது ஊருக்குத் தெரியாமல் போகவும் ஒரு வழி உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டான்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அக்கா கல்லாவிலிருந்து கேட்டாள். "எவ்வளவுக்குடா முடிஞ்சுது?"

அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"துண்டுக்கு மட்டும் பில் போடுக்கா."